நீட்டிப்பா, பதவி உயர்வா, புது ஆளா? பனியன் கம்பெனிக்கு உற்பத்தி மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்

தீபாவளி போனஸ் கணக்கு முடியும் வாரத்தில், அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் இடையில் பனியன் கம்பெனி நடத்தும் மூன்று முதலாளிகள் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உற்பத்தி மேலாளருக்கு 58 வயது நிறைகிறது. அவருக்கே இன்னும் மூன்று ஆண்டு நீட்டிப்புக் கொடுப்பதா, அவருக்குக் கீழே பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இருப்பவரை மேலே கொண்டுவருவதா, ஜவுளித் தொழில்நுட்பம் படித்த முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரை வெளியிலிருந்து எடுப்பதா என்பதே கேள்வி. மூவருமே அதோடு ஒரு முறையீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்: "இப்பத்த பசங்களுக்கு வேலை மேல அக்கறையே இல்லீங்க." உள்தணிக்கைக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கம்பெனிகளின் பேரேடுகளைப் புரட்டி வருபவன் என்ற முறையில், அந்த முறையீட்டை அப்படியே ஏற்கவும் என்னால் முடியவில்லை, முற்றிலும் தள்ளிவிடவும் முடியவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஆட்களைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன் அளவுகோல்களை முடிவு செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் பேச்சு குணநலன்களைப் பற்றியதாக மாறிவிடும். நான் ஐந்தை வைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்தது என்பதை அந்த மேலாளர் எதைக் கொண்டு சொல்கிறார் என்பது முதலாவது. கம்பெனியின் தொழிலறிவு அவர் தலைக்குள் இருக்கிறதா, பிறர் எடுத்துப் படிக்கும்படி தாளிலோ கணினியிலோ இருக்கிறதா என்பது இரண்டாவது. இன்று தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளரிடம் அவரால் நேரடியாகப் பேச முடிகிறதா என்பது மூன்றாவது. அவர் வேலை வாங்கும் முறை, ஆர்டர் கொடுக்கும் நிறுவனமான பையரின் ஆடிட்டை, அதாவது தொழிலாளர் விதிச் சோதனையை, தாங்குமா என்பது நான்காவது. சம்பளச் சீட்டில் தெரியாத செலவு எவ்வளவு என்பது ஐந்தாவது.

எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார் என்பதை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. முதலாளிகள் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் லாப நட்டக் கணக்கில் அதன் தடயத்தை நான் பார்த்தது மிகக் குறைவு.

## தலைமுறைக்குத் தலைமுறை மாறியது எது

இன்று 58 வயதை எட்டும் மேலாளர், பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்த 1984-ஐ ஒட்டிக் கைமடியாக (டெய்லருக்கு உதவும் ஆளாக) உள்ளே வந்தவராக இருப்பார். அதற்குப் பின் வந்த பத்தாண்டில் உள்நாட்டுக்குப் பனியன் தைத்த ஊர் ஏற்றுமதி ஊராக மாறியது. இராப்பகலாக நின்றவர்கள் மேலே வந்தார்கள்; கைமடி டெய்லரானார், டெய்லர் கான்ட்ராக்ட் எடுத்தார், ஒருசிலர் முதலாளியாகவே ஆனார்கள். அந்த வரிசையில் மேலாளர் பதவியோடு நின்றுகொண்டவருக்கு, உழைப்பு என்றால் கம்பெனியில் இருப்பது. விளக்கணையும் வரை இருப்பவரே உழைப்பாளி.

நாற்பதுகளில் இருப்பவர், ஜவுளி ஏற்றுமதிக்கு நாடுவாரியாக வரம்பு வைத்த கோட்டா முறை முடிந்த 2005-ஐ ஒட்டிப் பொறுப்புக்கு வந்தவர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது துணியை வெளியூர்ச் சாயப்பட்டறைகளுக்கு லாரி ஏற்றியவரும், அடுத்த ஆண்டு மின்வெட்டில் ஜெனரேட்டர் டீசலுக்காக அலைந்தவரும் இவர்தான். இவருக்கு உழைப்பு என்றால் எப்பாடு பட்டாவது பெட்டியைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுவது.

இருபதுகளின் கடைசியில் இருப்பவரோ படிப்பு முடித்த சூட்டோடு 2020 மார்ச் ஊரடங்கைச் சந்தித்தவர். பல ஆண்டு இருந்தவர், நேற்று வந்தவர் என்ற வேறுபாடின்றிச் சம்பளம் நின்றதையும், வடமாநிலத் தொழிலாளர் சிறப்பு ரயிலுக்காகக் காத்துக் கிடந்ததையும் முதல் வேலையிலேயே பார்த்தவருக்கு, கம்பெனி நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வர வழியில்லை. அவருக்கு உழைப்பு என்றால் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்ட நேரத்தில் முடித்து, முடித்ததற்குப் பதிவு வைப்பது.

ஆக, அக்கறையின் அளவு குறையவில்லை. அக்கறை காட்டும் இடம் மாறியிருக்கிறது என்பது என் மதிப்பீடு. பிறந்த ஆண்டைப் பொறுத்துப் பணி அறம் வேறுபடுகிறதா என்று எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கட்டுரையும் அப்படியொரு வேறுபாட்டைக் காணவில்லை. அங்குள்ள முடிவை அப்படியே நொய்யல் கரைக்குக் கொண்டுவர முடியாது என்றாலும், வயதையும் தலைமுறையையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோமோ என்ற ஐயத்துக்கு அது இடம் தருகிறது. இன்று 58 வயதாகும் அந்த மேலாளர்களில் ஒருவர் 25 வயதில் எப்படி இருந்தார் என்று அவருடைய பழைய முதலாளி ஒருவரிடம் கேட்டேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு சினிமாக் கொட்டகைக்குப் போனவன் திங்கள் மதியம்தான் வருவான் என்றார்.

## முதல் வழி: இருப்பவருக்கே நீட்டிப்பு

இவரிடம் உள்ள பெரிய சொத்து கை. துணியின் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பார்த்து "175-ஐத் தாண்டாதுங்க" என்று ஒருவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வட்டக் கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் வைத்தபோது 1.76 கிராம் காட்டியது. நூறால் பெருக்கினால் 176 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 176 கிராம். உள்ளூர்ப் பெண் டெய்லர்களில் யார் வீட்டில் காதுகுத்து, எந்த ஊரில் மாரியம்மன் நோம்பி, அந்த வாரம் எத்தனை மெஷின் காலியாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்தச் சொத்து அவரோடு வீட்டுக்குப் போய்விடும் என்பதுதான் குறை. இதில் நானே தவறான ஆலோசனை சொன்னவன். சில ஆண்டுகளுக்கு முன், பல்லடம் சாலையில் உள்ள ஒரு கம்பெனியில், வயதான மேலாளருக்கு நீட்டிப்பு வேண்டாம், ஒரே மாதத்தில் பொறுப்பை மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்தவர், கட்டிங் ஹாலில் லைக்ரா துணி ரோல்கள் பிரித்து அடுக்கப்பட்டு ஓர் இரவும் பகலும் சும்மா கிடப்பதைப் பார்த்து, இடமும் நேரமும் வீணாவதாக நினைத்து, வந்த ரோலை வந்தவுடன் வெட்டச் சொன்னார். தைத்த பிறகு சட்டையின் உயரம் குறைந்தது. இரண்டு லாட் முழுவதும் அளவில் நிற்கவில்லை. பழையவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கட்டுத்தறியில இருந்து அவுத்துவுட்ட மாடு சோம்பல் முறிக்குமில்லீங்க, அது மாதிரிதானுங்க. பிரிச்சு ஒரு நாள் போட்டாத்தான் துணி தன்னளவுக்கு வரும்." இழுத்துச் சுற்றிய துணி தளர்ந்து சுருங்க நேரம் வேண்டும் என்ற இந்தச் சின்ன உண்மை கம்பெனியில் ஒரு தாளிலும் இல்லை. எழுதி வைக்காதது அவர் குறை; எழுதச் சொல்லாதது முதலாளியின் குறை; கேட்காமல் கையெழுத்திட்டது என் குறை.

மறைந்திருக்கும் செலவுகளில் பணிக்கொடை முதலாவது. ஓராண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து என்பது கணக்கு. கணக்கில் வரும் மாதச் சம்பளம் 40,000 ரூபாய், பணிக்காலம் 26 ஆண்டு என்றால் இன்று தர வேண்டியது 6 லட்சம். மூன்று ஆண்டு நீட்டித்து, சம்பளமும் 46,000 ஆனால் அது ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரமாகும். ஏனெனில் உயர்ந்த சம்பளம் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்தே பெருகுகிறது. பெரும்பாலான சிறிய கம்பெனிகள் இதற்குப் பேரேட்டில் ஒதுக்கீடே வைப்பதில்லை. 58-இல் கணக்கை முடித்துத் தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, தனி ஒப்பந்தத்தில் தொடரச் செய்வது இருவருக்கும் மரியாதை.

இரண்டாவது செலவு, அவர் வேலை வாங்கும் முறையில் இருக்கிறது. முப்பது மெஷின், எட்டு மணி நேரம், ஒரு டீ-சர்ட்டுக்கு எட்டு நிமிட வேலை, லைனின் திறன் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 900 பீஸ்தான் வரும். "1,200 எடுத்துடலாமுங்க" என்று அவர் வாக்குக் கொடுப்பார், எடுத்தும் காட்டுவார். ஆனால் அதே திறனில் 1,200 பீஸுக்கு 10 மணி 40 நிமிடம் வேண்டும். நாளொன்றுக்கு 2 மணி 40 நிமிடம் கூடுதல் என்றால் ஆறு நாளில் 16 மணி நேரம். பல பையர்கள் கேட்கும் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரநிலையில் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் 12 மணி நேரம் மட்டுமே மிகைநேரமாக அனுமதி. முதலாளி கண்ணில் உழைப்பாகத் தெரிவது ஆடிட்டர் கண்ணில் விதிமீறலாகத் தெரிகிறது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்ற சட்டத்தையும் சேர்த்தால், அந்த 300 பீஸ்கள்தான் கம்பெனியிலேயே அதிகக் கூலியில் தைக்கப்பட்டவை.

தொழிலாளர் விஷயத்தில் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்களோடு அவருக்கு இருந்த நெருக்கம், இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களிடம் இல்லை. நடுவில் ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்ட்காரர் நிற்கிறார். லைனின் குறைகள் அவர் வழியாக, அவருக்குச் சாதகமான வடிவத்தில்தான் மேலே வருகின்றன.

## இரண்டாம் வழி: உள்ளிருந்து பதவி உயர்வு

முதலாளிகள் மிகக் குறைத்து மதிப்பிடுவது இவரைத்தான். கையறிவில் பாதியும் கணினி அறிவில் பாதியும் இவரிடம் இருக்கின்றன. பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பேசுவதும் புரியும், கட்டிங் மாஸ்டர் முணுமுணுப்பதும் புரியும். சாயப்பட்டறை மூடிய காலத்தில் மாற்று வழி தேடிப் பழகியவர் என்பதால் நெருக்கடியில் பதறமாட்டார்.

அந்தப் பழக்கமே இவருடைய குறையும் ஆகிறது. பெட்டி போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைப்பவர், அது எந்த விலையில் போனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனதற்கான கட்டணத்தைப் பேரேட்டில் தேடினால், இவர் வயதுக்காரர்கள் பொறுப்பில் உள்ள கம்பெனிகளில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். யாரிடமும் முடியாது என்று சொல்லமாட்டார். பையருக்கும் சரி என்பார், முதலாளிக்கும் சரி என்பார், பிறகு அந்த இரண்டு சரிகளையும் இரவில் தன் உடம்பால் சமன் செய்வார். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் மருத்துவமனைக்குப் போகும் பெற்றோரும் இருக்கும் வயது அது. நாற்பத்தைந்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்து மூன்று மாதம் படுத்துவிட்டால் அந்தச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. சமமாக இருந்த மூவரில் ஒருவரை உயர்த்தினால் மற்ற இருவரில் ஒருவராவது தீபாவளிக்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். உயர்த்தப்பட்டவரின் பழைய நாற்காலியும் காலியாகிறது. நம்ம பையன்தானே, சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று நினைத்தால், அவர் வெளியில் தன் மதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகாது. உள்ளிருந்து உயர்த்துவது மலிவு என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

## மூன்றாம் வழி: வெளியிலிருந்து இளைஞர்

இவரைப் பற்றிய முறையீடு எப்போதும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: ஏழு மணிக்கு மேல் ஃபோனை எடுப்பதில்லை. ஏற்கெனவே இளைஞரை மேலாளராக வைத்திருக்கும் வேறொரு முதலாளி அப்படியொரு சம்பவத்தைக் கோபத்தோடு சொன்னார். இரவு 9.40-க்குச் சாயப்பட்டறையிலிருந்து ஷேடு (சாய நிற) ஒப்புதலுக்கு அழைத்திருக்கிறார்கள், மேலாளர் எடுக்கவில்லை, லாட் காலை வரை நின்றுவிட்டது. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் முந்தைய ஆண்டின் டெபிட் நோட்டுகளை (குறைக்காகப் பணம் பிடித்த சீட்டுகளை) எடுத்துப் பார்த்தேன். இரண்டு லாட் மறுசாயத்துக்குப் போயிருந்தன; இரண்டுமே இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புதல் கொடுக்கப்பட்டவை. ஒரே துணி டியூப்லைட்டில் ஒரு நிறமாகவும் பகல் வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரியும் என்பதால்தான் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். மாலை 6.30-க்குப் பிறகு ஷேடு ஒப்புதல் இல்லை என்று அந்த இளைஞர் சேர்ந்த மாதமே சாயப்பட்டறைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். முதலாளிக்கும் ஒரு நகல் போயிருந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை.

இதனால் இளைஞர் பக்கமே நியாயம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே கம்பெனியில் ஒரு சனிக்கிழமை மாலை, பாய்லர் பழுதாகி அயர்னிங் நின்றபோது, அது பராமரிப்புத் துறையின் வேலை என்று அவர் கிளம்பிவிட்டார். திங்கள் காலை ஏற்ற வேண்டிய கன்டெய்னருக்காக ஞாயிற்றுக்கிழமை செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர்தான் ஓடியாடி ஏற்பாடு செய்தார். எழுதப்பட்ட பொறுப்பை நிறைவாகச் செய்பவரிடம், எழுதப்படாத பொறுப்பை எதிர்பார்த்து ஏமாறுவது நம்முடைய தவறு. இவரை எடுப்பதாக இருந்தால் பொறுப்புகளை ஒரு தாளில் எழுதியே தீர வேண்டும். பாய்லரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

1,200 பீஸ் கேட்டால் 1,125-க்கு மேல் விதிக்குள் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர் இவர். நாளுக்கு இரண்டு மணி நேர மிகைநேரத்தில் அந்த முப்பது மெஷினால் எடுக்கக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் லைனின் திறனைத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். வடமாநிலத் தொழிலாளரிடம் அரைகுறை இந்தியிலாவது நேரில் பேசிவிடுகிறார் என்பதும் சிறிய விஷயமன்று.

மறைசெலவு நேரத்தில் இருக்கிறது. ஒரு கோடை ஆர்டரும் ஒரு குளிர்கால ஆர்டரும் பார்த்து முடிக்கும் வரை கம்பெனி அவருக்குப் பிடிபடாது. அதாவது முதல் ஓராண்டுச் சம்பளத்தில் ஒரு பகுதி பயிற்சிக் கட்டணம். மூன்றாம் ஆண்டில் அவர் போய்விடக்கூடும். போகும்போது அவருடைய பதிவுகள் கம்பெனியிலேயே தங்கும் என்பது ஓர் ஆறுதல். பதிவு வைக்க ஒரு டேட்டா என்ட்ரி ஆளும், மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தாவும் கேட்பார்; இதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் இவரை எடுக்காமலிருப்பதே நல்லது.

## கேட்காமலே வரும் நான்காம் வழி

மகனோ மாப்பிள்ளையோ. கொங்கு நாட்டில் இந்த வழியைப் பேசாமல் கட்டுரை முடியாது. மூன்று பேரில் யாரை எடுப்பது என்று கேட்டு வருபவரின் மனத்தில் பல நேரம் நான்காமவர்தான் இருப்பார். முதலாளியின் வீட்டுப் பிள்ளைக்கு உற்பத்தியைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், மேலாளருக்குக் கீழே இரண்டு ஆண்டு வையுங்கள், மேலாளராகவே வைக்காதீர்கள். அவர் தவறு செய்தால் சொல்ல ஆளில்லை, விலக்கவும் வழியில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | நீட்டிப்பு | பதவி உயர்வு | வெளி இளைஞர் |
|---|---|---|---|
| வேலை முடிந்ததற்கு அடையாளம் | விளக்கணைந்தது | பெட்டி போனது | பதிவு முடிந்தது |
| தொழிலறிவு இருக்கும் இடம் | விரலிலும் நினைவிலும் | பாதிக்குப் பாதி | தாளில், கணினியில் |
| தொழிலாளரோடு பேச்சு | உள்ளூராரோடு நெருக்கம், மற்றவருக்குக் கான்ட்ராக்ட்காரர் வழி | இருபக்கமும் ஓரளவு | நேரடி, ஆனால் மேலோட்டம் |
| ஆடிட் | மிகைநேரத்தில் இடறும் | கடைசி வாரத்தில் இடறும் | பெரும்பாலும் தாங்கும் |
| மறைசெலவு | பணிக்கொடை, இரட்டைக் கூலி | விமானக் கட்டணம், உடல்நலம், விலகும் சகாக்கள் | முதல் ஓராண்டு, மென்பொருள், விலகல் |

## யாருக்கு எது

முதலாளி பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர், பையர் இரண்டு மூன்று பேர்தான், அவர்களும் பழையவர்கள், தைப்பவர்களில் பாதிப் பேர் உள்ளூர் என்றால் நீட்டிப்பே சரி. ஆனால் அதை இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்காமல், அவர் தெரிந்ததை எழுதிக் கொடுப்பதை ஒப்பந்தத்தின் பகுதியாகவே வையுங்கள்.

ஆர்டர் நிலையில்லாமல் ஏறி இறங்கும் கம்பெனிக்கு நாற்பதுக்காரர் வேண்டும். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டபோது, ஒரே வாரத்தில் லைன்களை உள்நாட்டு ஆர்டருக்கும் ஐரோப்பிய ஆர்டருக்கும் திருப்பியவர்களாக நான் பார்த்தவர்கள் இந்த வயதுக்காரர்கள்தான். அவருக்குச் சம்பளத்தோடு, முடியாது என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுங்கள்.

புதிய பையரின் தரச் சான்றுக்காகக் காத்திருக்கும் கம்பெனியும், முதலாளியே நாள்தோறும் உற்பத்திக்கூடத்தில் நிற்கும் கம்பெனியும் இளைஞரை எடுக்கலாம். முதலாளியின் கையறிவும் அவருடைய பதிவும் சேர்ந்தால் நல்ல இணை. பிற கம்பெனிக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் சிறு யூனிட்டுக்கு அவர் தேவையில்லை. அங்கே நல்ல சூப்பர்வைசர் போதும்.

எந்த வழியானாலும், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பொறுப்பு மாறும் காலத்தைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வடமாநிலத் தொழிலாளர் தீபாவளியும் சத் பூஜையும் முடித்துத் திரும்பும் வரை லைன் எப்படியும் அரைகுறையாகத்தான் ஓடும். அந்த ஓய்வில் இருவரும் சேர்ந்து உட்கார முடியும். மூன்று மாதம் இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். நான் தவறாக எழுதிக் கொடுத்த அந்தக் கம்பெனியில், பிறகு பழைய மேலாளரை மாதத்துக்கு நான்கு நாள் வரவழைத்தார்கள். இப்போது அங்கே கட்டிங் மேசைக்கு மேல் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது: ரோல் எண், பிரித்துப் போட்ட தேதியும் நேரமும், வெட்டும் தேதியும் நேரமும். கட்டம் கணினியில் போட்டது. ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் "லைக்ராவுக்கு 24 மணி" மட்டும் அவர் கையெழுத்து.